செயலாளரின் ஆண்டறிக்கை: பூவோடு இலையும் நடுவோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் தோட்ட ஒளிப்பட மன்றத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர்களின் தோட்டங்களில் ஏற்பட்டுள்ள மாற்றத்தைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் கூட்டங்களில் எழுந்த கேள்விகள் பெரும்பாலும் லென்ஸைப் பற்றியவை. இப்போது என்ன செடி வைக்கலாம் என்று கேட்கிறார்கள். இதுவே இந்த ஆண்டின் பெரிய முன்னேற்றம் என்பேன். பூச்செடி மட்டும் இருந்தால் வண்ணத்துப்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட்டுப் பெருக வேண்டுமானால் அதன் புழு தின்னும் செடி இருக்க வேண்டும். எருக்குக்கு வெந்தய வரியன் வரும். ஆடுதின்னாப்பாளைக் கொடிக்குச் சிவந்த உடல் கொண்ட அழகன் வகைகள் வரும். ஆவாரையிலும் கொன்றையிலும் வெளிர்மஞ்சள் பூச்சிகள் முட்டையிடும். கிலுகிலுப்பையின் கதை வேறு. வரியன் இனத்து ஆண்கள் அதன் காய்ந்த பாகங்களில் மொய்த்து, பெண்ணை ஈர்க்கும் மணத்துக்கான வேதிப்பொருளை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் அருகில் சென்றாலும் அவ்வளவு எளிதில் பறப்பதில்லை, பொறுமையாகப் படமெடுக்கலாம்.

உறுப்பினர்கள் சிலர் முறைவைத்து ஓர் எலுமிச்சைச் செடியைக் கவனித்து வந்தார்கள். தாய்ப்பூச்சி வயிற்றை வளைத்து, தளிரில் ஒவ்வொன்றாக முட்டை வைத்தது. இளம்புழு பார்ப்பதற்கு அசல் பறவை எச்சம்தான். வளர்ந்தபின் இலைப்பச்சைக்கு மாறியது. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவை ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். கூட்டுப்புழுவின் மேலோடு கண்ணாடிபோலாகி உள்ளே சிறகின் கோலம் தெரிந்தால், வெளிவரும் வேளை நெருங்கிவிட்டது என்று பொருள். வெளியே வந்த பூச்சி சிறகு விரிந்து உலரும்வரை அங்கேயே தொங்கும். கேமராவைச் சிறகின் தளத்துக்கு இணையாகப் பிடித்தால் சிறகு முழுவதும் துல்லியமாக விழும். அந்தத் தொடர்ப் படங்களைத்தான் இப்போது அரங்கின் வாயிலில் மாட்டியிருக்கிறோம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இலையில் ஓட்டை விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மருந்து தெளிப்பதை நிறுத்துவது என்று நம் உறுப்பினர்கள் முடிவெடுத்தார்கள். இயற்கைப் பூச்சிவிரட்டி என்று நாம் நம்பும் வேப்பெண்ணெயும் புழுவைப் பாதிக்கும் என்பதைப் புதியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். புழு இருந்தால்தான் பறவையும் வரும். அமெரிக்கப் பூச்சியியலாளர் டக்ளஸ் டாலமி ஒரு சின்னஞ்சிறு பறவையினத்தைச் சுட்டிக்காட்டுகிறார்: சிக்கடி என்னும் அப்பறவை ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை தேவைப்படுமாம். செடியை மருந்தடித்துத் துடைத்துவிட்டுத் தையல்சிட்டைத் தேடுவதில் பயனில்லை.

பறவைகளுக்குத் தீனியைவிடத் தண்ணீரே நல்ல அழைப்பு. 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத, அடி சொரசொரப்பான தட்டு போதும். மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் அந்த ஓசைக்கே பறவைகள் வரும். கொசு பெருகாமலிருக்க இரண்டு நாளுக்கொருமுறையாவது நீரை மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டுவைத்தால் பறவை முதலில் அதில்தான் அமர்ந்து நோட்டம் விடும். கிளைக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளியே புதர் இருக்கட்டும். பின்னணி குழைந்து அழகாக வரும். பறவையின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள்.

படப் போட்டிக்கான விதிகளைச் செயற்குழு கடுமையாக்கியிருக்கிறது. சிலருக்கு வருத்தம் என்பது தெரியும். ஆனால் இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கினால் வெயிலும் காகமும் குஞ்சைக் கொன்றுவிடும். ஆகவே கூட்டுப் படங்கள் இனி ஏற்கப்படமாட்டா. வண்ணத்துப்பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுத்த படமும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்து எடுத்த படமும் தள்ளுபடியாகும்.

1998 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் இம்முறை நம்மவர்களும் கலந்துகொண்டு, அவரவர் தோட்டத்துப் பட்டியலை அனுப்பினார்கள். குழந்தைகள் காட்டிய ஆர்வம் குறிப்பிடத்தக்கது.

வரும் ஆண்டில் புழுவுணவுச் செடிகளின் நாற்றுகளை உறுப்பினர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்ய உத்தேசித்துள்ளோம். விதையும் கிளைப்பதியனும் தரக்கூடியவர்கள் இன்றே துணைச்செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆண்டு முழுவதும் தோள்கொடுத்த அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்