தம்பிக்கு, மும்பையிலிருந்து: நிதிக் கச்சேரி நடத்தும் விதம்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள தம்பி,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா என்று எழுது. உங்கள் இசைக்குழுவை வைத்து ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கப் போகிறதாகவும், இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவி என்று தமிழ்ச்சனம் உள்ள பக்கமெல்லாம் மெல்லிசைக் குழுக்கள் உண்டு. பகலில் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறில் சினிமாப் பாட்டு. பரேலில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் தங்க இடமில்லாமல் நடைபாதையில் படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கும் அறக்கட்டளைகளுக்காக இப்படிக் கச்சேரி வைப்பார்கள்.

முதலில் காசு விஷயம். குழுக்காரர் டிக்கெட் காசைக் கையால் தொடக்கூடாது. கியூஆர் அட்டை, ரசீதுப் புத்தகம் எல்லாம் அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்கவேண்டும். 300 இருக்கை, ஆளுக்கு 300 ரூபாய் என்றால் மண்டபம் நிறைந்தாலும் 90,000தான். மண்டப வாடகை, சவுண்ட், லைட், வெளியாளாக வரும் தபலாக்காரரின் சம்பளம், எல்லாருக்கும் சாப்பாடு என்று கழித்தால் மிச்சம் பார்க்கவே வெட்கமாக இருக்கும். ஆனபடியால் டிக்கெட் அடிக்க முன்னமே செலவு முழுவதையும் கடைக்காரரிடம் விழா மலரில் போடும் விளம்பரத்துக்கான காசாக வாங்கிவிடுவார்கள். அந்தக் காசு வந்து சேராவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுவதுதான் புத்தி. விளம்பரம் தந்தவருக்கு ஓசி பாஸ் அள்ளிக் கொடுக்கிறது பெரிய பிழை. முன்வரிசை அவர்களுக்கென்று வெறுமையாய்க் கிடக்கும், காசு கொடுத்த சனம் பின்னால் இருந்து எட்டிப் பார்க்கும். பாஸுக்கு ஆரம்ப நேரம் வரைதான் இடம் என்று அதிலேயே அச்சடி.

சட்டமும் உண்டு. இங்கே 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாத சபையிலோ, மத நிறுவனம் ஒன்றின் நன்மைக்கோ வாசித்தால் விலக்கு. ஆஸ்பத்திரிக்கு என்று டிக்கெட் விற்றால் அந்த விலக்கு இல்லை. பாட்டு எழுதினவர், இசையமைத்தவர்களின் உரிமைக் காசை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்திடம் அனுமதி வாங்கவேண்டும். தர்ம காரியம்தானே என்று நினைத்து இதில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்கவேண்டும். இன்னொன்று: நான் இலங்கைப் பிரஜை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏயில் பதிவில்லாத அறக்கட்டளை என்னிடம் நன்கொடை வாங்க முடியாது, நூறு ரூபாய் என்றாலும். அங்கே என்ன விதி என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிடு.

இனி மேடை. மைக், கருவி எல்லாவற்றின் சத்தத்தையும் சேர்க்கும் மிக்சரில் 16 சேனல் (வயர் செருகும் வழி) போதும் என்பார்கள், எண்ணிப் பார். இரண்டு கீபோர்டு ஸ்டீரியோவில் (ஒன்றுக்கு இரண்டு சேனல்) 4, ரிதம் பேட் 2, தபலா 2, பேஸ், லீட் கிட்டார், புல்லாங்குழல் தலா 1, பாடகர் மைக் 4. பதினைந்து ஆயிற்று. அறிவிப்பாளருக்கு ஒன்று போட்டால் முடிந்தது. பிரதம விருந்தினர் பேச எழும்புகிற நேரம் ஆரோ ஒருவர் பாடகரின் மைக்கைப் பிடுங்கிக் கொடுப்பார். அதில் எக்கோ அப்படியே இருக்கும், பேச்சு மூன்று தரம் கேட்கும். ஒரு கீபோர்டை மோனோவாக்கி (ஒரே சேனலில் போட்டு), மிஞ்சும் சேனலைப் பேச்சு மைக்குக்கு முன்கூட்டியே ஒதுக்கு.

பாட்டு வரிசையை இங்கே கட்டை, அதாவது பாட்டின் சுருதி அளவு, பார்த்துத்தான் போடுகிறார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறும், தபலா மாறாது. தபலாவை அதற்குரிய சுருதியில் இருந்து அரைக் கட்டை ஏற்றலாம், அதற்கு மேல் இழுத்தால் தோல் நாதம் செத்துவிடும், சுத்தியலால் தட்டுகிற நேரமும் வீண். ஆனபடியால் தபலாக்காரர் 1, 2½, 4½ என்று மூன்று நான்கு தபலா கொண்டுவருவார். ஒரே கட்டைப் பாட்டுகளை மூன்று மூன்றாகச் சேர்த்தால் இடையில் மௌனம் வராது. ஆண்குரலும் பெண்குரலும் சேர்ந்த பாட்டு என்றால் பெண்ணுக்கு வசதியான கட்டையை முதலில் பார். மேலே எட்டாமல் கத்துவதை விட, ஆண் கீழே கொஞ்சம் முனகினால் சபை மன்னிக்கும்.

இரண்டரை மணி நேரத்துக்கு 22 பாட்டு தாராளம், பேச்சுக்கும் இடம் இருக்கும். காசு கொடுத்து நேயர் விருப்பம் கேட்கிற பழக்கம் நல்ல வரும்படி. ஆனால் பயிற்சி எடுத்த பத்துப் பாட்டை அச்சடித்துக் கொடுத்து அதில் இருந்துதான் கேட்க விடவேண்டும். இல்லாவிட்டால் ஒத்திகை பார்க்காத பாட்டு வந்து, இரண்டாம் சரணத்தில் எல்லாரும் ஆளையாள் பார்ப்பார்கள்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் ஆணியைக் கழற்றுவார்கள். அதை மட்டும் செய்ய விடாதே, மைக்கைத் தொட்ட வாயில் ஷாக் அடிக்கும். மேடைக்கருவி எல்லாவற்றுக்கும் ஒரே இடத்து மின்சாரம் கொடு, லைட் டிம்மருக்கு வேறு ஃபேஸ். பிறகும் இரைந்தால், கருவியை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கும், அதைப் போடு. மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பாடுகிறவரால்தான் அநேகமாகக் கீச்சிடும். அவரைத் திருத்தாமல் சவுண்ட்காரரைத் திட்டிப் பயனில்லை.

இந்த ஊருக்கென்று ஒரு கவலை: கல்யாண், அம்பர்நாத் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் ஒன்பதரைக்கே ரயிலுக்கு எழும்புவார்கள். நன்கொடை அறிவிப்பைக் கடைசிக்கு வைத்தால் பாதிச் சனம் போயிருக்கும். எட்டு மணிக்கே, நல்ல துள்ளல் பாட்டு முடிந்த கையோடு வை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் (பாதை வேலைக்காக ரயிலை நிறுத்துவது) எந்த லைனில் என்று பார்த்துத்தான் இங்கே தேதி குறிப்பார்கள். உங்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கோ அதைக் கணக்கில் எடு.

உன் பாட்டுப் பட்டியலைக் கட்டையோடு எழுதி அனுப்பு. வரிசை போட்டுத் தர இங்கே ஒரு கீபோர்டுக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா