அப்பாவின் வலது கை

வண்ணாரப்பேட்டை,
சென்னை.

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் "கைக்கு ரெஸ்ட் கொடுங்கப்பா" என்றாய். பாசத்தில் சொன்னது, தெரியும். ஆனால் இனிமேல் அப்படிச் சொல்லாதே. சாயங்காலம் பயிற்சிக்குக் கூப்பிட்டால், "பொண்ணே ரெஸ்ட் எடுக்கச் சொல்லுது" என்று படுத்துக்கொண்டார்.

பிசியோதெரபி தம்பி எனக்குப் புரியவைத்ததை எழுதுகிறேன். அப்பாவின் கையில் ஒரு பழுதும் இல்லை. பக்கவாதம் அடித்தது மூளையின் இடது பக்கத்தில், அதுதான் வலது கையை நடத்துகிறது. நம் உடம்பின் வரைபடமே மூளையில் இருக்கிறதாம். கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற டாக்டர், வலிப்பு நோயாளிகளுக்கு விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்தார். மூளையைத் தொட்டால் அதற்கு வலி தெரியாது. லேசான மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, எங்கே கூசுகிறது, எது அசைகிறது என்று குறித்து 1937-இல் வெளியிட்டார். அதில் முதுகு முழுவதற்கும் கொஞ்சம்தான் இடம். உதட்டுக்கும் விரல்களுக்கும் ஏகப்பட்ட இடம்.

வயலின் வாசிப்பவர்களுக்கு இடது கை விரல்களின் இடம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 1995-இல் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நாற்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து, துணியைத் தடவியே பாப்ளினா டெரிகாட்டனா என்று சொன்ன விரல்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்! அங்கேதான் ரத்தம் போகாமல் சேதமாகிவிட்டது. பக்கத்தில் மிச்சமிருக்கும் பகுதி அந்த வேலையைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் கை அசைய வேண்டும், எதையாவது தொட வேண்டும். சும்மா கிடந்தால் இருக்கிற இடமும் சுருங்கும்.

அதனால் தினமும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, இடது கையை மூடித் திறக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் வலது கையே திறக்கிற மாதிரி இருக்கிறது. நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காகக் கண்டுபிடித்த வழி இது. முதல் நாள் அப்பா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

அப்புறம், அரிசிக் கிண்ணத்தில் பட்டன்களைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்து, "நாலு ஓட்டை, சட்டைப் பட்டன்" என்றார். சரியாகவே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, எத்தனை பட்டன் எடுத்தார் என்று கேள். போனை வலது கையில் பிடிக்கச் சொல். கீழே விழுந்தால் விழட்டும், நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா