டாக்டர் நண்பனுக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் கடிதம்

மதுரை

அன்புள்ள முருகேசா,

நலம். வீட்டில் அனைவரும் நலம். உன் பேத்திக்குப் பல் முளைத்த செய்தியை நெட்டையன்தான் சொன்னான். நீ சொல்லவில்லை என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன். என் முழங்கால் பழையபடியே இருக்கிறது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் இனி ஒரு சொல்லும் வராது, ஏனெனில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இங்குள்ள ஒரு மருத்துவமனையில், நோயாளிகளைக் கொண்டு நடக்கும் ஆய்வுகள் அறத்துக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியில் என்னை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். சிரிக்காதே. புதிய மருந்துகள் பற்றிய 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி அத்தகைய குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவர் ஒருவரும், துறை சாராத பொதுமனிதர் ஒருவரும் கட்டாயம் வேண்டும். ஒன்றும் தெரியாமலிருப்பதையே தகுதியாகக் கேட்கும் பதவி இந்த நாட்டில் வேறெங்கும் கிடைக்காது என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். பி.யூ.சி.யில் தவளையை அறுக்கச் சொன்னபோது நான் வகுப்பை விட்டு ஓடிய கதையைத் தயவுசெய்து எவரிடமும் சொல்லிவிடாதே.

முதல் கூட்டத்துக்குத் தலையணை அளவு கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். நீரிழிவுக்கு ஒரு புதிய மாத்திரை. ஏற்கெனவே மெட்ஃபார்மின் சாப்பிட்டும் சர்க்கரை அடங்காதவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த மாத்திரையையும் மறுபாதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் 24 வாரங்கள் கொடுப்பார்கள். முடிவில் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்த அளவு, எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிடுவார்கள். கோப்பைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்போ சிறுநீரகக் கோளாறோ குறைகிறதா, அவர்கள் கூடுதல் காலம் உயிரோடிருக்கிறார்களா என்பதை எந்தப் பக்கத்தில் எண்ணப் போகிறீர்கள்? ஆய்வை நடத்தவிருக்கும் டாக்டர் மிகவும் பொறுமையானவர். “ஐயா, அதை எண்ண வேண்டுமானால் பல ஆயிரம் பேரும் பல ஆண்டுகளும் வேண்டும். சர்க்கரை இறங்கினால் மற்றவையும் குறையும் என்பது தெரிந்ததுதானே?” என்றார்.

அவர் சொன்னதில் முதல் வாக்கியம் முற்றிலும் உண்மை. இரண்டாவது வாக்கியம்தான் அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. இனி உன்னையும் விடப்போவதில்லை.

காஸ்ட் என்று பெயர் பெற்ற ஆய்வைப் பற்றி நீ மருத்துவம் படித்து முடித்த பிறகு கேள்விப்பட்டிருப்பாய். நான் இப்போதுதான் படித்தேன். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களின் இதயத்தில் இடையிடையே எழும் கூடுதல் துடிப்புகள், பின்னால் வரக்கூடிய திடீர்ச் சாவுக்கு முன்னறிகுறி என்பது அக்காலத்திலேயே நன்கு தெரிந்திருந்தது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மாத்திரைகள் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. நோயாளியின் மார்பில் கட்டிய ஹோல்டர் கருவி ஒரு நாள் முழுவதும் பதிவுசெய்த வரைகோட்டில், மாத்திரைக்கு முன் முள்முள்ளாக நின்றவையெல்லாம் மாத்திரைக்குப் பின் மறைந்திருந்தன. கண்ணால் கண்ட பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்? அமெரிக்காவில் மருந்துக்கு ஒப்புதலும் கிடைத்தது; டாக்டர்களும் எழுதினார்கள். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்து ஆய்வு செய்வது அறமாகுமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள்.

ஆய்வு 1987-இல் தொடங்கியது. இதில் நீ கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முதலில் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, எவருக்குத் துடிப்புகள் அடங்கினவோ அவர்களை மட்டுமே இரு கூறாகப் பிரித்தார்கள். அதாவது, மருந்து ‘வேலை செய்கிறது’ என்று ஏற்கெனவே சான்று பெற்றவர்கள் மட்டுமே உள்ளே வந்தார்கள். அந்த மருந்து கெடுதல் செய்யக்கூடும் என்பது எவர் நினைப்பிலும் இல்லாததால், புள்ளியியல் சோதனையையே நன்மை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஒருபக்கச் சோதனையாகத்தான் தொடக்கத்தில் அமைத்திருந்தார்கள். கண்காணிப்புக் குழுவிடம் வந்த அட்டவணையில் எக்ஸ், ஒய் என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே இருந்தன. எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பது அவர்களுக்கும் தெரியாது. ஒரு பக்கத்தில் சாவுகள் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து, அது வெறும் மாத்திரைக் கூட்டமாகத்தான் இருக்கும் என்றுதானே எவரும் எண்ணுவார்கள்? திரையை விலக்கிப் பார்த்தபோது அது மருந்து வாங்கிய கூட்டம். 1989 ஏப்ரலில் அவ்விரு மருந்துகளையும் நிறுத்தினார்கள். 1991-இல் வெளிவந்த கணக்கு இது: சராசரியாக 10 மாதங்களில், மருந்து வாங்கிய 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெறும் மாத்திரை வாங்கிய 743 பேரில் 26 பேர்.

நான் கணக்கு வாத்தியார் என்பதால் இந்த எண்களை உன் கிளினிக்குக்குக் கொண்டுவந்து பார்த்தேன். உன்னிடம் அத்தகைய நோயாளிகள் 20 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள். இந்த மருந்தை நீ எழுதினால் 10 மாதங்களில் ஒருவரோ இருவரோ இறப்பார்கள். எழுதாவிட்டால் ஒருவர் இறக்கலாம், அல்லது ஒருவரும் இறக்காமலிருக்கலாம். வித்தியாசம் ஒரே ஒரு சாவு. ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்த மனிதர். “அவருடைய நேரம்” என்று வீட்டார் சொல்வார்கள், “இதயம் பலவீனமாக இருந்தது” என்று நீ சொல்வாய், சாவு வீட்டுக்கு மாலையோடு போய் வருவாய். அந்தச் சாவை மாத்திரையின் கணக்கில் எழுத எந்த டாக்டருக்கும் வழியில்லை, முருகேசா. அவன் கெட்டிக்காரனா, நல்லவனா என்பது பொருட்டே இல்லை. ‘என் அனுபவத்தில் இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன்; இனி எத்தனை பேர், எதனோடு ஒப்பிட்டு என்று கேட்பேன். கோபித்துக்கொள்ளாதே, அல்லது தாராளமாகக் கோபித்துக்கொள்.

இதைவிட வயிற்றைக் கலக்குவது இன்னொன்று. காஸ்ட் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1980-இல், இங்கிலாந்தில் அதே இனத்தைச் சேர்ந்த லோர்கைனைடு என்ற மருந்தைக் கொண்டு சிறிய ஆய்வு ஒன்று நடந்தது. நூறு பேர்கூட இல்லை. மருந்து வாங்கியவர்களில் 9 பேரும் மற்றவர்களில் ஒருவரும் இறந்தார்கள். ஆய்வாளர்கள் அதைத் தற்செயல் என்று எண்ணினார்கள். வணிகக் காரணங்களுக்காக அந்த மருந்தே கைவிடப்பட்டதால் முடிவும் அச்சேறவில்லை. 1993-இல்தான் அவர்களே அதை வெளியிட்டு, இது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கக்கூடும் என்று எழுதினார்கள். அச்சேறாத அந்தச் சில பக்கங்களின் விலை எத்தனை உயிர் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குக் கை வரவில்லை. நம் நாட்டில் 2009 ஜூன் முதல் ஒவ்வொரு மருந்து ஆய்வையும் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதை வெறும் காகித வேலை என்று நீ ஒருமுறை சலித்துக்கொண்டாய். தொடங்கியது எங்கும் பதிவாகாவிட்டால், முடியாமல் போனதையோ மறைக்கப்பட்டதையோ எவன் தேடுவான்?

உடனே நீ, அது இதயம், இது சர்க்கரை என்று வாதிடுவாய். சரி, உன் சர்க்கரைக்கே வருகிறேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கேடு குறையும் என்பதை 1998-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் இன்னும் கீழே, ஆரோக்கியமானவர்களின் அளவுக்கே இறக்கினால் இன்னும் நல்லது என்று நினைப்பது இயல்புதான். வட அமெரிக்காவில் அக்கார்ட் ஆய்வில் 10,251 பேரைக் கொண்டு அதைத்தான் செய்து பார்த்தார்கள். கடுமையாக இறக்கிய பாதியில் எச்பிஏ1சி சொன்னபடியே இறங்கியது. ஆனால் 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனெனில் அந்தப் பாதியில் 257 பேரும் மற்றப் பாதியில் 203 பேரும் இறந்திருந்தார்கள். மதிப்பெண் ஏறியதை வைத்துப் பையன் கணக்குக் கற்றுவிட்டான் என்று நம்பும் பெற்றோரை ஆயுள் முழுவதும் பார்த்தவன் நான். எனக்கு இது வியப்பாக இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்று காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிறுவனங்கள் முணுமுணுத்துக்கொண்டே பல ஆயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தன. விளைந்ததைப் பார். நீ காலையில் காபிக்குப் பிறகு விழுங்கும் எம்பாகிளிஃப்ளோசின், சர்க்கரையைச் சற்றே மட்டும் இறக்கும் மாத்திரை. இதய நோயும் நீரிழிவும் சேர்ந்திருந்த 7,020 பேரிடம் அது கேடு செய்கிறதா என்று பார்க்கப் போனவர்களுக்கு, 2015-இல் எவரும் எதிர்பாராத விடை கிடைத்தது: இதயநோயால் இறந்தவர்கள் வெறும் மாத்திரைக் கூட்டத்தில் நூற்றுக்கு 5.9, மருந்துக் கூட்டத்தில் 3.7. இன்று நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிக்கும் நீங்கள் அதை எழுதுகிறீர்கள். எச்பிஏ1சியை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் அது சுமாரான மாத்திரை என்று அலமாரியின் மேல்தட்டில் தூங்கியிருக்கும்.

கொரோனா வார்டில் நீ டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டுக் காப்பாற்றியவர்களைப் பற்றி மணிக்கணக்காகச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அது பெரும் நன்மை செய்ததையும், ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை என்பதையும் 2020-இல் சொன்னது ரெக்கவரி என்ற பெரிய ஆய்வு. அதே இன ஸ்டீராய்டை, மூளை வீக்கம் வற்றும் என்ற நல்ல நம்பிக்கையில், தலையில் அடிபட்டவர்களுக்குப் பல்லாண்டுகள் கொடுத்துவந்தார்கள். பத்தாயிரம் பேரைக் கொண்டு எண்ணிப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளிவந்தபோது, ஸ்டீராய்டு வாங்கியவர்களே கூடுதலாக இறந்திருந்தார்கள். மருந்து செயல்படும் விதத்தை விளக்கும் படம் இரண்டுக்குமே அழகாகத்தான் இருந்தது.

இத்தனை புலம்பலுக்கு நடுவே எனக்கு உற்சாகம் தந்தது நம்மூர்க் கதை. சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மின்ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடந்திருக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த காசநோய் மருத்துவமனையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் அதை வழிநடத்தினார். காசநோயாளி ஓராண்டு சானடோரியத்தில் ஓய்வும் காற்றும் பாலும் முட்டையுமாக இருந்தால்தான் பிழைப்பான் என்பது அன்றைய மருத்துவ வேதம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ற படுக்கைகளோ நாட்டில் இல்லை. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் சிலரைச் சானடோரியத்துக்கும் சிலரைத் தங்கள் நெருக்கடியான வீடுகளுக்குமே அனுப்பி, இரு கூட்டத்துக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு காசநோய் மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். பாஸ் என்பது வாயில் வைக்கவே பிடிக்காத, வயிற்றைப் புரட்டும் மருந்து. விழுங்கினேன் என்று நோயாளி சொன்னதை அவர்கள் அப்படியே நம்பவில்லை; முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய், மீதமிருந்த மருந்தை எண்ணி, சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள்.

1959-இல் வெளிவந்த முடிவு: ஓராண்டின் இறுதியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. சானடோரியத்துக்காரர்களுக்கு எடை நன்றாகக் கூடியிருந்தது. எடையை மட்டும் எண்ணியிருந்தால் வீட்டுச் சிகிச்சை அன்றோடு முடிந்திருக்கும். வீட்டிலிருந்த நோயாளி குடும்பத்துக்கு நோயைப் பரப்புவாரே என்ற அச்சம் பெரிதாக இருந்ததால், வீட்டாரை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்; சானடோரியத்துக்கு அனுப்பியவர்களின் குடும்பங்களைவிட இங்கே நோய் கூடுதலாக வரவில்லை. பின்னர் உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து வாங்கிச் சாப்பிட வழி திறந்தது சேத்துப்பட்டிலிருந்துதான். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகவாவது போட்டிருக்கலாம். பித்தாகோரஸைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் கொடுக்க நான் தயாராக இருந்திருப்பேன்.

இரத்த அளவை எண்ணவே கூடாது என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. எய்ட்ஸ் மருந்துகளில் வைரஸ் எண்ணிக்கை இறங்கியதை நம்பி விரைந்து செயல்பட்டதால் இலட்சக்கணக்கானோர் பிழைத்தார்கள். ஆனால் எந்த எண் நம்பத்தக்கது என்பதை ஏற்கெனவே எவராவது உயிர்களை எண்ணிக் காட்டியிருக்க வேண்டும். ஆகவே நம் கோப்பை நான் எதிர்க்கப்போவதில்லை. நோயாளிக்குக் கொடுக்கும் தகவல் தாளில், இந்த ஆய்வு சர்க்கரை அளவை மட்டுமே பார்க்கிறது, ஆயுளையோ மாரடைப்பையோ பார்க்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று மட்டும் கேட்கப்போகிறேன்.

அதற்கு முன் உன்னிடம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. வெறும் மாத்திரை வாங்கும் பாதியில் ஒருவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், எந்த அளவைத் தாண்டியதும் வேறு மருந்து சேர்க்க வேண்டும் என்று நீ சொல்வாய்? கோப்பில் போட்டிருக்கும் அளவு எனக்கு மிகவும் தாராளமாகத் தெரிகிறது. இரண்டாவது, 24 வாரங்கள் முடிந்ததும் மாத்திரை நன்றாக ஒத்துக்கொண்டவருக்கு அடுத்த மாதம் யார் கொடுப்பார்கள் என்பதைப் பற்றிக் கோப்பு வாயே திறக்கவில்லை. இதை எந்த வார்த்தைகளில் கேட்டால் உங்கள் ஆட்கள் மழுப்ப முடியாது?

அடுத்த கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை. அதற்குள் பதில் வேண்டும். உன் கையெழுத்தை மருந்துக்கடைப் பையன் மட்டுமே படிப்பான்; ஆகவே டைப் செய்து அனுப்பு.

அன்புடன்,
சுந்தரம்