இந்தமுறை நான் காட்டுக்கு வரவில்லை, தம்பி

தம்பி,

கதிர்காமத்துக்கு நடந்து போகிற காட்டுப்பாதை திறக்கப் போகிறார்கள் என்று நேற்று போன் எடுத்தாய். "பார்ப்போம்" என்றேன். நான் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நான் வரவில்லை.

நேரில் சொன்னால் உன் முகம் விழும், நான் மனம் மாறிவிடுவேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் மாற முடியாது. உன் பெயரை எழுதமாட்டேன். திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் யாராவது கண்டுபிடித்துக்கொண்டால் நான் என்ன செய்ய? நீ குடித்துவிட்டு றோட்டில் கிடந்தபோதும் அவர்கள்தானே பார்த்தார்கள்.

முதல்முறை போனபோது, காடு தொடங்குகிற உகந்தையில், போத்தல் இருக்கிறதா என்று உன் பைக்குள் கை விட்டேன். நீ பார்த்துக்கொண்டே நின்றாய். விற்றமின் பி1 குளிசை, சாரம், சிரட்டை, விபூதிப் பொட்டலம். வேறு ஒன்றும் இல்லை. அதை நீ இன்னும் மறக்கவில்லை. போன கிழமைகூட "நீ என்னை நம்பாத ஆள்தானே" என்றாய். மன்னித்துக்கொள். ஆனால் அரிசிப் பானைக்குள் கால் போத்தல் சாராயம் கிடந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். இன்னொரு தடவை அதே இடத்தில் நின்றாலும் பைக்குள் கை விடுவேன். ஈடு வைத்து அறுதியாகிப் போன காப்பைப் பற்றி இங்கே எழுதவில்லை. உன் மனைவி வீட்டாரும் வாசிப்பார்கள்.

காட்டு நடுவில் வியாழை என்ற இடத்தில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உன்னிடம் இதுவரை பேசாதது.

பொழுது படுகிற நேரம். உன் குடி நேரம் அது. வழியில் நாவலடி வெயில் நம் இரண்டு பேரையும் உரித்துப் போட்டிருந்தது. ஆறு வறண்டு வெறும் மணலாகக் கிடந்தது. கூட்டம் மரங்களுக்குக் கீழே மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது நீ எழும்பி, "நான் போறன்" என்றாய். எங்கே என்றேன். அப்போது நீ என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை எழுதமாட்டேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அதற்கே செத்திருப்பாள். அப்புறம் நீயே கணக்குப் போட்டாய்: "முன்னுக்குப் போனால் கதிர்காமம் ரெண்டு நாள், பின்னுக்குப் போனால் உகந்தை ரெண்டு நாள்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கை நடுங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்களோடு நடந்து வந்த மண்டூர்க் கிழவி கூப்பிட்டாள். "சாமி, கொஞ்சம் தண்ணிக்குத் தோண்டித் தா மனே." நீ சிரட்டையோடு ஆற்றுக்குள் இறங்கினாய். முதலில் காய்ந்த மணல், பிறகு ஈர மணல், முழங்கை மறைகிற ஆழத்தில் கசிவு. பக்கத்து மணல் சரிந்து குழியை மூடும், நீ மறுபடி வழிப்பாய். முதலில் ஊறிய தண்ணீர் பிளேன்டீ நிறம். அதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊறும், இறைப்பாய், ஊறும். தெளிந்த தண்ணீரைக் கிழவியின் செம்பில் ஊற்றும்போது நன்றாக இருட்டிவிட்டது. உன் நகத்துக்குள்ளெல்லாம் மண். நீ பேசாமல் படுத்தாய். இரவில் எழும்பிப் போய்விடுவாயோ என்ற பயத்தில் உன் சாரத்து முனையை என் சேலைத் தலைப்போடு முடிந்துவைத்தேன். விடிய முன்னம் அவிழ்த்துவிட்டேன். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

குடிக்கிற ஆசை எழும்பினால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தானாக இறங்கும், அதுவரை காலுக்கோ கைக்கோ வேலை கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அந்த அரை மணித்தியாலத்துக்குள் சந்தியில் இருக்கிற பாருக்குப் போய் வந்துவிடலாம். பௌர்ணமிப் போயாவுக்கு பார் பூட்டினால் பின்கதவு இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். குமுக்கன் ஆற்றைத் தாண்டினால் கதவே கிடையாது. காடு உனக்குச் செய்தது இவ்வளவுதான், பெரிய உதவிதான்.

ஊர் அப்படிச் சொல்வதில்லையே! "முருகன் குடியை நிப்பாட்டிப்போட்டான்" என்கிறார்கள். எனக்கும் முருகனில் பக்திதான். ஆனால் அதற்கு முன்னம் நீ வார்டில் கிடந்ததை யாரும் சொல்வதில்லை. ஊர்க் கதையைக் கேட்டு இரண்டு வீட்டார் தங்கள் பிள்ளைகளை நேரே காட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்று என்னிடம் வந்தார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாள் தவறாமல் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் சில மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரும் போகலாம். அது ஆஸ்பத்திரியில் கழிய வேண்டிய காலம். காட்டு நடை அதற்குப் பிறகு. எங்கே கேட்பது என்று தெரியாதவர்களுக்கு அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கம் இருக்கிறது.

சரி, உன்னிடம் வருகிறேன்.

போன வருசம் கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு வந்து, வழியில் பார்த்த மான்கூட்டத்தைப் பற்றி எல்லாரும் கதைத்தார்கள். நான் காணவில்லை. நாம் நடந்து வந்த குமனைக் காட்டில் பறவை பார்க்க வெள்ளைக்காரன் காசு கட்டி வருகிறான். (அப்பாவுக்கு அது இன்னும் யால கிழக்குத்தான், 2006இல் பெயர் மாறியதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.) அந்தக் காட்டுக்குள் நான் பார்த்ததெல்லாம் உன் முதுகு. நீ வேகமாக நடந்தால் பயம், மெதுவாக நடந்தால் பயம், பற்றைக்குள் ஒதுங்கினால் பயம். எல்லாரும் உன் தோளில் தட்டி "கெட்டிக்காரன்" என்கிறார்கள். எனக்கும் காலில் கொப்புளம் வந்ததடா. ஒருவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

உனக்குக் காவல் இனித் தேவையில்லை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் எனக்கு அது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: ஆசை வரும்போது நீ முதலில் என் முகத்தைப் பார்க்கிறாய், நான் இல்லாவிட்டால் யார் முகத்தைப் பார்ப்பாய் என்று நீ ஒருமுறை கண்டுபிடிக்க வேண்டும்.

மண்டூர்க் குழுவோடு போ. கிழவியின் மகனிடம் கதைத்துவிட்டேன். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியும், அதற்கும் கோபப்படுவாய், படு. குளிசையை நாள் தவறாமல் எடு. சிரட்டை அடுப்படியில் இருக்கிறது.

நீ காட்டில் இருக்கிற கிழமை நானும் மச்சாளும் சங்கமன்கண்டி மலைக்குப் போகிறோம். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மேலே உட்கார்ந்து சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் பஸ்ஸில் வருவோம். போன் எடுக்காதே, நான் எடுக்கமாட்டேன்.

அக்கா