எறிதல் பயிற்சியில் திருப்பு விசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள ஊர்களில், நம் மரபுத் தற்காப்புக் கலையான அடிமுறையைக் கற்பிக்கும் களரிகளோடு ஜூடோவையும் பிள்ளைகள் ஆர்வத்துடன் கற்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், எதிராளியை எறியும் பாடத்தில் பயிற்றுநர்கள் சிலர் "தூக்கு, தூக்கு" என்றே குரல் கொடுக்க, முதுகை வளைத்துப் பாரம் சுமக்கும் பிள்ளைகள் இடுப்பு வலியோடு வீடு திரும்புவது, மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் நடத்தும் திருப்பு விசைப் பாடமே, அதாவது ஒரு விசை பொருளை ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பும் விளைவைப் பற்றிய பாடமே, இங்குத் தேவைப்படுகிறது. நிற்பவரின் நிறை மையம், அதாவது உடலின் நிறை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அங்கிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு கால்விரல்களைத் தாண்டி முன்னே வந்துவிட்டால், அவருடைய எடையே அவரைக் கவிழ்க்கத் தொடங்கும். 50 கிலோ நிறையுள்ள மாணவருக்கு அக்கோடு 10 சென்டிமீட்டர் முன்னே வந்தால், ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை புவியீர்ப்பிலிருந்தே கிடைத்துவிடுகிறது. 1882-இல் கானோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவில், எறிவதற்கு முன் எதிராளியின் சமநிலையைக் குலைப்பது முதல் படியாக வைக்கப்பட்டதன் பொருள் இதுவே.

இடுப்பு எறிதலில், முழங்காலை மடக்கித் தம் இடுப்பை எதிராளியின் நிறை மையத்துக்குக் கீழே கொண்டுசெல்பவருக்கு அந்த இடுப்பே சுழல் மையமாகிறது. தோள் உயரத்தில் சட்டையைப் பற்றி இழுக்கும் கை, அதிலிருந்து அரை மீட்டர் அளவு தள்ளி இருப்பதால் சிறு விசையும் பெரிதாக வேலை செய்கிறது. உடல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் எல்லாம் கெட்டது. சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பான நிலைமத் திருப்புத்திறன், அச்சிலிருந்து நிறை இருக்கும் தொலைவின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அச்சிலிருந்து பாதித் தொலைவுக்கு வந்த நிறை நான்கில் ஒரு பங்கு எதிர்ப்பையே காட்டும். "ஒட்டி நில்லு" என்று ஆசான்மார் அதட்டுவது வெறும் வழக்கமன்று. எதிராளியின் காலை வாரிப் பின்னே வீழ்த்தும் ஓசோட்டோ காரி என்னும் எறிதலில், அவர் நெஞ்சைப் பின்னே தள்ளிக் காலை முன்னே வாரும்போது, எதிர்த்திசையில் செயல்படும் இரு விசைகள் உடலைச் சுழற்றுகின்றன. மெலிந்த பெண்பிள்ளைகளும் கனத்தவரைச் சாய்ப்பது இதனால்தான்.

ஆகவே, மாவட்ட விளையாட்டுத் துறையும் கல்வித் துறையும் கைகோத்து, கோடை முகாம்களில் பயிற்றுநர்களையும் இயற்பியல் ஆசிரியர்களையும் ஒரு நாளாவது ஒன்றாக அமர்த்த வேண்டும். விழும் முறையும் சுழல் மையம் இருக்கும் இடமும் நன்கு பழகிய பிறகே பிள்ளைகளை எறிய அனுமதிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
மார்த்தாண்டம்.