தலைதீபாவளிக்குத் தாயக்கட்டை

அன்புள்ள முரளி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் இன்னும் பிடிக்கவில்லை, புழுக்கம் பிடித்துக்கொண்டது. பட்டாபி அதே பட்டாபி, "கடைசியா ஒரே ஒரு ஆட்டம்" உட்பட.

வசந்தி மகளுக்குத் தலைதீபாவளிப் பரிசாகக் கேரம் போர்டா? வேண்டாம்டா. ஆடும் பரப்பே 74 சென்டிமீட்டர். மேடவாக்கம் ஃபிளாட்டில் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். ஐப்பசி ஈரத்தில் போரிக் பவுடர் கட்டி தட்டி, காய் நகராது. அதையாவது துடைத்துவிடலாம். மாப்பிள்ளை புதுப்பேட்டையில் கேரம் ஆடியே வளர்ந்தவர். ரெட்டும் ஃபாலோவும் போட்டுவிட்டு ஒன்பது காயையும் ஒரே மூச்சில் முடிப்பார். அவள் பவுடர் தூவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பல்லாங்குழியிலும் இதே கோளாறு. அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை, முன்கூட்டி எண்ணத் தெரிந்தவருக்கே பசு (குழியில் நாலு முத்து சேர்வது) எல்லாம்.

தாயம் வாங்கு. இரண்டு கட்டையிலும் 0, 1, 2, 3. ஆக 16 விதமாக விழலாம். தாயம், அதாவது கூட்டினால் ஒன்று, அதில் இரண்டே விதம், எட்டுக்கு ஒன்று. எட்டு முறை உருட்டியும் விழாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காய் இறங்காமல் கன்னத்தில் கை வைத்து உட்கார வேண்டும். பேச்சு வருவதே அப்போதுதான்.

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பித்தளைக் கட்டை தேடு. கடையிலேயே 80 முறை உருட்டிப் பார். பத்தை ஒட்டித் தாயம் விழவேண்டும். இரண்டு மூன்றோடு நின்றால் கட்டை கோணல், வேறு கேள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வெறும் தரையில் உருட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். மெல்லிய ஜமக்காளமும் சேர்த்து வாங்கு. மெத்தென்று இருந்தால் கட்டை புரளாமல் சாய்ந்து நிற்கும், அங்கே ஒரு சண்டை.

பெரிய சண்டை சட்டத்தில்தான் வரும். ஐந்துக்கும் காய் இறக்கலாமா? ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்ளே ஏறலாமா? வெட்டினால் மறுபடி உருட்டலாமா? அவள் வீட்டில் ஒன்று, அவர் வீட்டில் வேறு. "எங்க வீட்டில் இப்படித்தான்" என்று யாராவது ஆரம்பித்தால் விவகாரம் தாயத்தைத் தாண்டிப் போய்விடும். முதல் ஆட்டத்துக்கு முன்பே இருவரும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். வெற்றுத்தாளும் பென்சிலும் பெட்டிக்குள்ளேயே வை. சட்டம் கேட்க பட்டாபியிடம் மட்டும் போகவேண்டாம், தோற்கும்போதெல்லாம் திருத்தம் கொண்டுவருவான்.

கையில் காசு மிஞ்சினால் ஹனாபி என்று ஒரு சீட்டாட்டம், 50 சீட்டு, ஐந்து நிறம். பெயருக்கு ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை என்று பொருள், பண்டிகைக்குப் பொருத்தம். இருவரும் ஒரே கட்சி. உன் சீட்டு உனக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் நிறமோ எண்ணோ சொல்லலாம். கைவசம் எட்டுத் துப்பு. ஒரு சீட்டைக் கழித்தால் ஒரு துப்பு திரும்பக் கிடைக்கும். மூன்று தப்பு ஆனால் ஆட்டம் காலி. புருவத்தை உயர்த்துவது, "ம்ஹூம்" எல்லாம் கள்ளாட்டம். புதுசாகக் கல்யாணமானவர்கள் அதை எப்படி அடக்குவார்களோ!

முரளி, வசந்தி வீட்டுக்காரர் போனபிறகு அந்த வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. தாயம் நாலு பேரும் சேர்ந்து ஆடலாம். வசந்தியையும் இழுத்து உட்காரவைக்கச் சொல்.

பாதிப் பணம் என்னுடையது. கட்டை வாங்கியதும் எத்தனை தாயம் விழுந்தது என்று எழுது.

அன்புடன்,
சேது