புகையில் போனதும் சாம்பலில் நின்றதும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்தி பிறந்த அலைச்சலில் பதில் தள்ளிப்போனது. தாயும் பிள்ளையும் நலம். எனக்குத்தான் முழங்கால் மக்கர். புகையை அளக்க முப்பது வருஷம் புகைபோக்கி ஏணி ஏறினேன் அல்லவா, இப்போது வட்டி கட்டுகிறேன்.

போபால் விஷவாயு ஆலையின் கழிவை மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் எரித்தார்களே, நிஜமாகவே அழிந்ததா என்று கேட்டிருந்தாய். அமெரிக்க விதியில் இதற்கு 'நான்கு ஒன்பது' கணக்கு: 99.99 சதவீதம். உலைக்குள் 100 கிலோ நச்சுப்பொருள் போனால், புகைபோக்கி வழியே 10 கிராமுக்கு மேல் வெளியேறக் கூடாது. பழைய மின்மாற்றி எண்ணெயில் இருக்கும் பிசிபி போன்ற நச்சுகளுக்கு ஆறு ஒன்பது, அதாவது 99.9999. எரிய ரொம்ப அடம்பிடிக்கும் பொருளாகப் பார்த்து அளப்பார்கள். அதுவே எரிந்துவிட்டால் மற்றதும் எரிந்திருக்கும் என்ற நம்பிக்கை.

இந்தக் கணக்கு எனக்கு என்றுமே உறுத்தும். அது புகையை மட்டும்தான் பார்க்கிறது. சாம்பலில் தங்கியதும் புகையைக் கழுவும் நீரில் கரைந்ததும்கூட 'ஒழிந்தது' பக்கம் போய்விடும். ஈயமும் பாதரசமும் எரிவதே இல்லை, இடம்தான் மாறும். பீதம்பூரில் முதலில் மணிக்கு 135 கிலோ, அப்புறம் 180, 270 என்று ஏற்றிச் சோதித்துவிட்டுத்தான் மீதியை எரித்தார்கள். அது முறையான வேலைதான். ஆனால் எரித்தது 337 டன். அமிலத்தை முறிக்கப் போட்ட சுண்ணாம்பெல்லாம் சேர்ந்து மிஞ்சியதோ 800 டன்னுக்கு மேல்! அதை எங்கே புதைப்பீர்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டதில் என்ன தப்பு?

குளோரின் உள்ள கழிவை எரித்தால் உண்டாகும் கொடிய நச்சான டையாக்சின் விஷயம் இன்னும் விசித்திரம். 1100 டிகிரியில் சிதைந்தது, புகை ஆறும்போது மறுபடி உருவாகும். அதனால்தான் புகையைச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். கார்பன் மோனாக்சைடு மாதிரி இதன் அளவு உடனுக்குடன் கருவித் திரையில் ஓடாது. மணிக்கணக்காகப் புகையை உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

நான் போன ஒரு ஆலையில், நாங்கள் வரும் நாளில் மட்டும் உலை பரம சாது. கழிவைக் குறைத்து, டீசலைக் கூட்டி எரிப்பார்கள். காற்றைக் கலந்து புகையை நீர்க்கச் செய்தால் ஆக்சிஜன் அளவு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கழிவைக் குறைக்கும் இந்தத் தந்திரத்தை எந்தக் கருவியால் பிடிப்பது? ஒருநாள் கழிவு எடைப் பதிவேட்டைக் கேட்டேன். சாவி இல்லை என்றார்கள்.

பேத்திக்குப் பெயர் வைக்கும் நாள் இன்னும் முடிவாகவில்லை. கமலாவையும் கூட்டிக்கொண்டு வா. மாடி ஏறச் சொல்லாதே, அவ்வளவுதான்.

உன்,
சண்முகம்